கார்சைடு வீட்டு ஃபெரட்டும் பாதிரியார் என்ற கடுவனும்

எட்கர் கார்சைடு பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்துக்கு முதுகைக் காட்டியவர். குப்பையில் கிடந்த குழந்தை வண்டியின் சக்கரங்களைக் கழற்றி, மேலே பலகை அடித்து, தானே ஒரு வண்டி செய்துகொண்டார். அதில் கரி மூட்டையை ஏற்றிக்கொண்டு கிரேபெக் ஊரின் மேட்டுத் தெருக்களில் வீடு வீடாக இழுத்தார். பிற்பாடு ஒரு காலம் வந்தது. அந்த ஊரில் எவன் வீட்டுக் கணப்பில் தீ எரிந்தாலும், 'கார்சைடு' என்று கொட்டை எழுத்தில் எழுதிய மூன்று லாரிகளில் ஏதோ ஒன்று கொண்டுவந்து போட்ட கரிதான் அது. யார் கொடுத்தது அதெல்லாம்? ஒருத்தரும் கொடுக்கவில்லை. இந்த இரண்டு கைகள்தான் கொடுத்தன. கிளப்பில் பீர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கைகளை விரித்துக் காட்டுவார். அந்தக் கைகளின் ரேகைகளில் கரி ஏறிப்போயிருந்தது. எந்த சோப்பும் அதை எடுக்காது.

மண்வெட்டி, ஏணி, ஒரு கிண்ணம் சர்க்கரை என்று எதற்காகவும் அவர் அடுத்தவர் கதவைத் தட்டியதில்லை. இல்லாவிட்டால் வாங்குவார், வாங்க முடியாவிட்டால் செய்வார், செய்ய முடியாவிட்டால் அது இல்லாமல் இருப்பார். 'தயவு' என்ற சொல்லே வாய்க்குள் மாட்டிக்கொள்ளும் மனிதர்.

ஃபெரட் விஷயத்தில் கேட்கவே வேண்டாம். பார்த்தால் நம்மூர்க் கீரிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும் அந்தப் பிராணியை அவர் கால்சட்டை போட்ட நாளிலிருந்தே வளர்த்தார். கிரேபெக் இருக்கிற வட இங்கிலாந்து யார்க்ஷயரில் அது ஒன்றும் அதிசயம் இல்லை. குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண்கள் முயல் வளைகளின் வாய்களில் வலையைக் கட்டிவிட்டு, ஒரு பொந்துக்குள் ஃபெரட்டை விடுவார்கள். அது உள்ளே போன மாத்திரத்தில் முயல்கள் அலறியடித்து வெளியே பாய்ந்து வலையில் விழும். இரவுச் சாப்பாட்டுக்கு, மாவுக்குள் கறியை வைத்துச் சுட்ட முயல் 'பை'. ஊரில் பாதிப் பேர் இப்படி வளர்த்தாலும், கார்சைடின் கொட்டகையில் இருந்த ஃபெரட்டுகள் போல எவனிடமும் கிடையாது. இதை அவரே சொல்வார். மறுத்துப் பேச யாருக்கும் தெம்பு இருந்ததில்லை.

அவருடைய மனைவி மேவிஸ் கல்யாணமான முதல் வாரத்திலேயே ஒரு சட்டம் போட்டுவிட்டாள். அந்த நாற்றம் பிடித்த பிராணி கொல்லைக் கொட்டகையைத் தாண்டி வீட்டு வாசற்படியை மிதிக்கக் கூடாது. ஊரில் யாருக்கும் பணியாத எட்கர் இந்தச் சட்டத்துக்குப் பணிந்தார். முயல் பிடித்துத் திரும்பினால் கோட்டைக்கூட வெளியே கழற்றி மாட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

இப்படிப் பல வருஷம் ஓடியது. மேவிஸின் இடுப்பு எலும்பு தேய்ந்து, அவள் நாற்காலியே கதியென்று ஆனாள். எட்கருக்கும் முழங்கால் மடங்க மறுத்தது. முயல் வளைக்கு முன்னால் குனிய முடியாதவனுக்கு ஃபெரட் எதற்கு? கொட்டகையில் இருந்தவற்றை நல்ல கைகளாகப் பார்த்துக் கொடுத்தார். கடைசி பெட்டை போட்ட குட்டிகளில் ஒன்று மட்டும் விரல் நீளத்துக்குச் சோனியாக இருந்தது. தாய் அதை ஒதுக்கிவிட்டது. அதைத் தன் தொப்பிக்குள் வைத்து, அடுப்பின் கதகதப்புக்காகச் சமையலறைக்குள் கொண்டுவந்தார். கொண்டுவந்துவிட்டு, திட்டு விழட்டும் என்று நின்றார்.

மேவிஸ் தொப்பிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு மருந்து விடுகிற சொட்டுக்குழாயைக் கழுவிக் கொண்டுவரச் சொன்னாள்.

கண் திறந்து நடை பழகிய அன்றைக்கே அந்தக் குட்டி மேஜையில் இருந்த பிக்கிள் பாட்டிலை உருட்டிக் கவிழ்த்தது. அதனால் அதற்குப் பிக்கிள் என்றே பெயர்.

வாழ்நாள் பூராவும் ஃபெரட் வளர்த்த எட்கருக்கு, வீட்டுக்குள் ஃபெரட் வளர்ப்பது என்றால் என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. கொட்டகையில் இருக்கும்போது அது வேலைக்காரன். வீட்டுக்குள் வந்துவிட்டால் எஜமான். முதலில் அந்த வாசனை. மேவிஸின் தங்கை மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டுதான் உள்ளே வருவாள். எத்தனை முறை குளிப்பாட்டினாலும் போகாது, குளிப்பாட்டக் குளிப்பாட்ட இன்னும் கூடும். இருக்கிறவர்களுக்குப் பழகிவிடும், அவ்வளவுதான். அப்புறம் சுவரில் உள்ளங்கை நுழைகிற இடம் எங்கே இருந்தாலும் அடைத்தாக வேண்டும். எட்கர் அடுப்புக்குப் பின்னால், தொட்டிக்குக் கீழே, படிக்கட்டு ஓரத்தில் என்று தேடித் தேடிப் பலகை அடித்தார். அடித்து முடித்துத் திரும்பினால் அது அவருடைய ஆணிப் பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருக்கும்.

அந்தத் தூக்கத்தைப் பார்த்துத்தான் மேவிஸ் முதலில் பயந்துபோனாள். பகலில் முக்கால்வாசி நேரம் தூக்கம். தூக்கம் என்றால் தூக்கிப் பிடித்தாலும் தலை துணி மாதிரித் தொங்கும்.

"எட்கர், செத்துப்போச்சு இது. மூச்சே இல்ல, வந்து பாரு."

"சாகல பிள்ள. இதுங்க தூங்குனா அப்படித்தான். ரெண்டு நிமிஷம் சும்மா இரு."

சொன்னபடி அது ஒரு கொட்டாவி விட்டு, அவளுடைய ஸ்வெட்டர் கைக்குள் தலையை நுழைத்து மறுபடியும் தூங்கியது. விழித்திருக்கும் கொஞ்ச நேரத்தில் அது செய்த அட்டூழியத்துக்குக் கணக்கில்லை. காலுறை, சாவி, ரொட்டித் துண்டு, பக்கத்து வீட்டுக்காரியின் கையுறை என்று கிடைத்ததை எல்லாம் சோபாவுக்கு அடியில் இழுத்துப்போய்ப் பதுக்கும். மூலையைப் பார்த்துப் பின்பக்கத்தைத் திருப்பிக்கொண்டு வெளிக்குப் போகும். நாம் மண் தட்டு வைத்த மூலையில் போகாது, அதற்குப் பிடித்த மூலையில்தான் போகும். நாம்தான் தட்டை அங்கே மாற்றி வைக்க வேண்டும். சந்தோஷம் வந்தால் முதுகை வில்லாக வளைத்து, நாலு காலாலும் பக்கவாட்டில் குதித்து, கொக் கொக்கென்று சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் போடும். குதிக்கிற குதியில் நாற்காலிக் காலில் போய் மோதிக்கொள்ளும். மோதிவிட்டு மறுபடியும் குதிக்கும். மேவிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். இடுப்பு வலியில் மாதக்கணக்காக முகம் சுருங்கியே இருந்தவள் அவள். கதவோரம் நின்று அந்தச் சிரிப்பைக் கேட்கும் எட்கர், வெளியே போய் நிற்பார்.

அந்த வருஷம் பிப்ரவரியிலேயே, மேட்டுக் காட்டில் பனி கிடக்கும்போதே, பிக்கிள் பருவத்துக்கு வந்துவிட்டது. பின்பக்கம் வீங்கியது. எட்கருக்கு அது புதிதல்ல, ஆனால் இத்தனை சீக்கிரம் வந்ததுதான் புதிது. ஏப்ரலுக்கு முன்னால் எந்தப் பெட்டையும் அவர் கொட்டகையில் பருவத்துக்கு வந்தது கிடையாது. வந்தால் பக்கத்துக் கூண்டுக் கடுவனோடு விடுவார், குட்டி போடும், அத்தோடு அடங்கிவிடும். இப்போது கடுவன் இல்லை. மேவிஸுக்குக் குட்டிகளும் வேண்டாம். இவளே என் இடுப்பை ஒடிக்கிறாள், இன்னும் எட்டு வந்தால் நான் எங்கே போவது என்றாள்.

பெட்டையைச் சும்மா விட்டால் உடம்புக்கு ஆகாது என்று பெரியவர்கள் சொல்லி எட்கர் கேட்டிருக்கிறார். ஆனால் அது கொட்டகையில் குளிரில் கிடக்கிற பெட்டைகளுக்கு, மெத்தையில் ஈரலும் முட்டையும் தின்கிற பெட்டைக்கு ஒன்றும் வராது என்று கிளப்பில் சத்தமாகச் சொன்னார். பூனைக்கு வந்து தானாகப் போகவில்லையா? அதுபோல இதுவும் போகும். எட்கர் கார்சைடு சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

மார்ச் போயிற்று. ஏப்ரல் போயிற்று. வீக்கம் வற்றவில்லை. மே மாதத்தில் பிக்கிளின் வால் முடி கொட்டியது, விலாப்பக்கமும் வழுக்கை விழுந்தது. காலுறை திருடுவது நின்றது. குதிப்பது நின்றது. ஒரு நாள் காலையில் அது மேவிஸின் மடிக்கு ஏற முயன்று, பின்னங்கால்கள் இழுபட, பாதியில் சறுக்கி விழுந்தது. எட்கர் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

மிருக வைத்தியர் மிஸ் ஃபாசெட் மாட்டுக் கொட்டிலிலிருந்து நேராக வந்தது போலப் பேசுகிற பெண்மணி. பிக்கிளைப் புரட்டிப் பார்த்தார், இத்தனை சீக்கிரம் எப்படி ஆரம்பித்தது என்று கேட்டார். அவரே யோசித்து, வீட்டில் ராத்திரி எதுவரைக்கும் விளக்கு எரியும் என்றார். வலியில் மேவிஸுக்குத் தூக்கம் வர நடுராத்திரி ஆகும், அதுவரைக்கும் எரியும் என்றார் எட்கர்.

"அதான். இவளுக்கு அந்த விளக்குதான் வெயில். பகல் நீண்டு போச்சு, வசந்தம் வந்துடுச்சுன்னு உடம்பு நம்பிடுச்சு. கடுவன் சேராம இந்தப் பருவம் அடங்காது மிஸ்டர் கார்சைடு. அடங்காம நீண்டா ரத்தம் சுண்டிப்போகும். சுண்டிக்கிட்டிருக்கு."

அறுத்துக் கருப்பையை எடுத்துவிடலாமே என்றார் எட்கர். கத்தி தாங்காது என்றார் மிஸ் ஃபாசெட். அப்படியானால் ஏதாவது கடுவனோடு விட்டுவிடுகிறேன் என்றார். இந்த ரத்தத்தை வைத்துக்கொண்டு குட்டி சுமந்தால் குட்டியோடு சேர்ந்து இவளும் போவாள் என்றார் மிஸ் ஃபாசெட். கையைக் கழுவிக்கொண்டே, சேரத் தெரிந்த, ஆனால் சினை பிடிக்க வைக்காத கடுவன்தான் வேண்டும் என்றார். நம்மூரில் ஆண்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு என்று செய்வார்களே, அதே ஆபரேஷன் செய்த கடுவன்.

"இந்தச் சுற்று வட்டாரத்துல நான் ஒண்ணே ஒண்ணுக்குத்தான் செஞ்சிருக்கேன். யாரோடதுன்னு உங்களுக்கே தெரியும். அதுக்குப் பேர் வெச்சதே நீங்கதானாமே."

எட்கர் கூடையை மூடினார்.

விஷயம் இதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் வில்ஃப் சக்டன் என்பவர், மில்லில் தறிகளுக்கு எண்ணெய் போட்டு ஓய்வு பெற்ற ஒல்லியான மனிதர், தன் கடுவனைக் கூடையில் வைத்து வைத்தியரிடம் கொண்டுபோய் அந்த ஆபரேஷனைச் செய்துகொண்டு வந்தார். ஒரு ஃபெரட்டுக்கு, அதுவும் ஆரோக்கியமான ஃபெரட்டுக்குக் கத்தி. கிரேபெக்கில் இப்படி ஒரு கூத்தை யாரும் கேட்டதில்லை. அன்றைக்குக் கிளப்பில் எட்கர் எழுந்து நின்று, சக்டனின் கடுவன் இனிமேல் பாதிரியார், ஊருக்கெல்லாம் கல்யாணம் நடத்தி வைப்பார், ஆனால் ஒருநாளும் அப்பா ஆக மாட்டார் என்றார். கூரை அதிரச் சிரித்தார்கள். கிளப் காரியதரிசி பாக்சன் பீர் புரையேறி மூக்கில் வந்து, முதுகில் தட்ட வேண்டியிருந்தது. சக்டன் பீரை முடித்துவிட்டு வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் கிளப் பக்கம் அவ்வளவாக வருவதில்லை. எட்கரும் அவரும் தெருவில் பார்த்துக்கொண்டால் ஆளுக்கொரு கடை ஜன்னலைப் பார்த்துக்கொள்வார்கள்.

அந்த வாசலில் போய் நிற்பதா? எட்கர் லாரியை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர்களெல்லாம் சுற்றினார். எல்லோரிடமும் நல்ல முழுக் கடுவன்கள் இருந்தன. ஆபரேஷன் செய்ததா என்று கேட்டால் அவரையே ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தேவிட்டான். தான் சிரித்த சிரிப்பு அடுத்தவன் வாயில் எப்படி இருக்கும் என்று அன்றைக்கு அவருக்குத் தெரிந்தது.

வெறுங்கையோடு திரும்பிவந்தபோது, மேவிஸ் பிக்கிளை மடியில் போட்டு விரலில் முட்டை மஞ்சளைத் தொட்டு நக்க வைத்துக்கொண்டிருந்தாள். அது நக்கவில்லை.

"மூணு லாரி வாங்குன மனுஷன் நீ. ஒரு கதவத் தட்ட முடியலயா?"

"அவன் மூஞ்சியில எப்படி முழிப்பேன் பிள்ள."

"நீ அவனப் பாக்க வேண்டாம். இவளப் பாத்துக்கிட்டே தட்டு."

மேவிஸ் அவரிடம் எதையும் கெஞ்சிக் கேட்டவள் அல்ல. அன்றைக்கும் கெஞ்சவில்லை. விரலைத் துணியில் துடைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். இந்தக் குட்டி போய்விட்டால் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் மறுபடியும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு மௌனமாகிவிடுவாள். அது அவருக்கு உறுதியாகத் தெரிந்தது.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக, பால்காரன் வருவதற்கு முன்னால், கூடையைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு கிளம்பினார். பெரிய தெரு வழியாகப் போகவில்லை. வீடுகளின் முதுகுப்பக்கச் சந்து வழியாகப் போனார். நகராட்சி குத்தகைக்கு விடுகிற தோட்டத் துண்டுகள் அந்தச் சந்தின் கோடியில் இருந்தன. சக்டனின் ஃபெரட் கூண்டுகள் அங்கேதான். சக்டன் சூரியனுக்கு முன்னால் எழுந்து அங்கே வந்துவிடுவார் என்பது ஊரறிந்த விஷயம்.

தோட்டத்துப் பின் கதவை நெருங்கும்போது, அது உள்ளிருந்து திறந்தது. வெளியே வந்தவர் கிளப் காரியதரிசி பாக்சன். அவருடைய கோட்டு வயிற்றுப் பக்கம் புடைத்திருந்தது. புடைப்பு நெளிந்தது.

இருவரும் நின்றார்கள்.

"இன்னைக்கு மழை வராது போல," என்றார் பாக்சன்.

"வராது," என்றார் எட்கர்.

அவருடைய கோட்டும் நெளிந்தது. பாக்சன் அதைப் பார்க்காதது போல வானத்தைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார்.

உள்ளே சக்டன் முள்ளங்கிப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எட்கரைப் பார்த்ததும் தண்ணீர் ஊற்றும் பாத்திரத்தைக் கீழே வைத்தார். முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை.

"வாய்யா கார்சைடு. நீதான் பாக்கி."

எட்கருக்குப் புரியவில்லை. சக்டன் நிதானமாக விளக்கினார். கிளப்பில் அன்றைக்குச் சிரித்த அத்தனை பேரும் மூன்று வருஷமாக இந்தப் பின் கதவு வழியாகத்தான் வந்து போகிறார்கள். ஒருவன் விடியலில் வருவான், ஒருவன் எல்லோரும் ஆராதனையில் இருக்கும் நேரத்தில் வருவான். குட்டி வேண்டாம், பெட்டையும் சாகக் கூடாது என்றால் வேறெங்கே போவது? போகும்போது எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிவிட்டுப் போவார்கள், கார்சைடுக்குத் தெரியவேண்டாம் என்று.

"எல்லாப் பயலும் உன்ன நெனச்சுத்தான்யா பயந்து சாவுறான்," என்றார் சக்டன். அப்போதுதான் லேசாகச் சிரித்தார். "காட்டு, பாப்போம்."

கூடையைத் திறந்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. ஈறைப் பார்த்தார். காலைத் தடவினார். இதை முன்னாலேயே கொண்டுவந்திருக்கக் கூடாதா என்று கேட்டிருந்தால் எட்கருக்குத் தாங்கியிருக்காது. சக்டன் கேட்கவில்லை. வைக்கோலை மாற்றி, பாதிரியாரின் கூண்டைத் திறந்து, பெட்டையைத்தான் கடுவன் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதால் பிக்கிளை மெதுவாக உள்ளே இறக்கினார்.

பாதிரியார் நல்ல கனத்த கடுவன். பார்த்ததும் பிக்கிளின் பிடரியைப் பல்லால் கவ்வினான். எலியைத் தூக்குவது போலத் தூக்கிக் கூண்டின் மூலைக்கு இழுத்தான். பிக்கிள் கீச்சென்று கத்தியது. அது அப்படித்தான் நடக்கும், மணிக்கணக்கில் நடக்கும், எட்கர் வாழ்நாளில் எத்தனையோ பார்த்தவர். ஆனால் இப்போது கை தானாகக் கூண்டுக்குள் போயிற்று.

"கையை எடுய்யா. நடுவுல போனா அவனுக்குக் கோவம் வரும், அழுத்திக் கடிப்பான். அவனுக்குத் தெரியும் என்ன செய்யணும்னு."

"அவளுக்கு ரத்தமே இல்ல சக்டன்."

"தெரியும். அதனாலதான் நானும் இங்க நிக்கிறேன். ரொம்ப நேரம் விடமாட்டேன். உக்காரு."

கவிழ்த்துப் போட்ட இரண்டு பெட்டிகளில் உட்கார்ந்தார்கள். வேறு வழியில்லை. பெட்டை இத்தனை பலவீனமாக இருந்தால் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கூண்டுச் சத்தம் மட்டும் கேட்டது. சக்டன் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். பிக்கிளுக்கு என்ன தீனி என்று கேட்டார். ஈரல், முட்டை, முயல் கிடைத்தால் முயல் என்றார் எட்கர், அப்புறம் மேவிஸ் தேநீரில் தோய்த்த பிஸ்கட்டும் கொடுப்பாள் என்று மெல்லச் சேர்த்துக்கொண்டார். பிஸ்கட்டா என்று சக்டன் தலையில் அடித்துக்கொண்டார். எங்கள் அப்பா ரொட்டியைப் பாலில் ஊறப்போட்டுப் போட்டே அத்தனையையும் வயிற்றுப்போக்கில் கொன்றார் என்றார். எங்கள் அப்பாவும்தான் என்றார் எட்கர். அந்த ஊரில் எல்லா அப்பாக்களும் அதைத்தான் செய்தார்கள்.

பிறகு சக்டன், கூண்டைப் பார்த்துக்கொண்டே, டெய்சி என்று தனக்கு ஒரு பெட்டை இருந்ததைச் சொன்னார். தறி மில்லுக்கு மதியச் சாப்பாட்டுப் பையில் வைத்தே எடுத்துப்போவாராம். இப்படித்தான் ஒரு கோடையில் வெளுத்து வெளுத்துப் போயிற்று. அவர் கை மேலேயே போயிற்று. இனி என் கூண்டில் ஒரு பெட்டையும் அப்படிப் போகக்கூடாது என்றுதான் வைத்தியரிடம் போனேன் என்றார்.

"சிரிப்பாங்கன்னு தெரியும். சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க."

எட்கருக்கு ஏதோ சொல்லவேண்டும் போல இருந்தது. நெஞ்சு வரைக்கும் வந்தது. வாய்க்கு வந்தபோது அது வேறாக மாறிவிட்டது.

"உன் கூண்டு மேல இருக்கிற தார்ச்சீட்டு வீணாப்போயிடுச்சு. நான் மாத்திப் போட்டுத் தரேன்."

"பேசாம டீயைக் குடி."

சூரியன் மில் புகைக்கூண்டுக்கு மேலே வந்தபோது சக்டன் பாதிரியாரின் வாயைப் பக்குவமாக விடுவித்துப் பிக்கிளை எடுத்தார். கழுத்து எச்சிலில் நனைந்திருந்தது, மூச்சு இருந்தது. போதும், நாளைக்கு ஒரு தடவை கொண்டுவா என்றார். எட்கர் எவ்வளவு என்று வாயெடுக்கவில்லை. கடுவன் இரவலுக்குக் காசு பேசுவது அந்த ஊரில் அவமானம். முயல் பிடிக்கிறவர்கள் ஒரு முயலைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போவார்கள். தன்னிடம் முயல் இல்லாததால், ஒரு லாரி கரி கொண்டுவந்து கொட்டுகிறேன் என்றார்.

"எங்கய்யா கொட்டுவ? எங்க வீட்ல இப்போ கேஸ் கணப்பு."

கரிக்காரனிடம் கேஸ் பற்றிப் பேச எவனுக்கும் துணிச்சல் வராது. எட்கர் அன்றைக்கு அதையும் கேட்டுக்கொண்டு கூடையோடு நடந்தார்.

மறுநாளும் ஒரு தடவை கொண்டுபோய் வந்தார். அதற்கப்புறம் வந்த நாட்கள்தான் கொடுமை. சேர்ந்ததும் உடனே ஒன்றும் மாறிவிடாது. வீக்கம் வற்ற நாளாகும், ரத்தம் ஊற இன்னும் நாளாகும், அதுவரைக்கும் பிராணி தாக்குப்பிடிக்க வேண்டும். மேவிஸ் பிக்கிளை ஸ்வெட்டருக்குள் போட்டு உடம்போடு வைத்துக்கொண்டாள். எட்கர் கறிக்கடையில் நின்று பச்சை ஈரல் வாங்கி, கல்லில் விழுதாக அரைத்து, அவள் விரலில் தடவிவிட்டார். விளக்கைப் பொழுது சாய்ந்ததும் அணைத்தார்கள். இருட்டில் உட்கார்ந்து இருவரும் அதன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் அது ஒன்றுமே தின்னவில்லை. மேவிஸ் அழுதாள்.

அன்று மதியம் முன்வாசலில் யாரோ தட்டினார்கள். வில்ஃப் சக்டன். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டிருந்தார், கையில் காகிதத்தில் சுற்றிய முயல், அப்போதுதான் பிடித்தது. கதகதப்பாக இருக்கும்போதே கொடுத்தால் ஒருவேளை தின்னும் என்றார். எட்கர் வழியை மறித்துக்கொண்டு நின்றார் போலிருக்கிறது, உள்ளேயிருந்து மேவிஸ், அவரை உள்ள விடு எட்கர், குளிர் காத்து வருது என்றாள்.

சக்டன் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் மண்டியிட்டு, முயலின் ஈரலைத் துளித்துளியாகக் கிள்ளிப் பிக்கிளின் மூக்கில் தடவினார். மூக்கில் பட்டதை அது நக்கியாக வேண்டும். நக்கியது. இன்னொரு தடவை தடவினார். நக்கியது. மூன்றாவதை அதுவாகவே விரலிலிருந்து வாங்கிக்கொண்டது. மேவிஸ் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தது தெரியாமலே பிடித்துக்கொண்டிருந்தாள்.

அதிலிருந்து சக்டன் அடிக்கடி வந்தார். வந்தால் முதலில் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்ப்பார். ஒரு நாள் பார்த்துவிட்டு எட்கரைக் கூப்பிட்டார். ரோஜா இதழின் அடிப்பக்கம் போல, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு சிவப்பு. எட்கர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"ரொம்ப உபகாரம் வில்ஃப்," என்றார்.

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை மேவிஸே அதற்கு முன்னால் கேட்டதில்லை. வில்ஃப் என்று பெயர் சொல்லி அழைத்ததையும்தான். சக்டன் ஒன்றும் நடக்காதது போல, தார்ச்சீட்டு மாற்றித் தருவதாகச் சொன்னாயே, மழைக்காலத்துக்கு முன்னால் வருவாயா என்று கேட்டார்.

ஜூன் கடைசியில் பிக்கிள் ஒரு கூத்து செய்தது. வயிற்றில் குட்டி இல்லாவிட்டாலும், கடுவன் சேர்ந்த பெட்டைக்குச் சில சமயம் தான் தாயாகிவிட்டோம் என்று தோன்றிவிடும். எட்கரின் தொப்பியைச் சோபாவுக்குப் பின்னால் இழுத்துப்போய்ப் படுக்கையாக்கி, அதில் துணி மாட்டும் மரக் கவ்விகளை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் அடுக்கி, நக்கி, அவற்றின் மேல் படுத்துக் காவல் காத்தது. யாராவது கிட்டப்போனால் சீறியது. மேவிஸ் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்தாள். கவ்விகளைப் பிடுங்காதே என்று எட்கர் உத்தரவு போட்டார். அந்த வாரம் பூராவும் கிரேபெக்கின் பெரிய கரி வியாபாரி தொப்பி இல்லாமல் வெறுந்தலையோடு நடந்தார். வீட்டில் துணிகள் நாற்காலிமேல் காய்ந்தன.

அடுத்த வருஷம் மேவிஸின் நாற்காலிக்குப் பக்கத்தில் விளக்கைச் சீக்கிரமே அணைத்ததாலோ என்னவோ, பிக்கிள் மார்ச் கடைசியில்தான் பருவத்துக்கு வந்தது. வந்த மறுநாளே எட்கர் கூடையை எடுத்தார். விடியலில் போகவில்லை, காலை பத்து மணிக்குப் போனார். சந்து வழியாகப் போகவில்லை. கூடையைக் கையில் தொங்கவிட்டு, மூடியைத் திறந்தே வைத்து, பெரிய தெரு வழியாக, கறிக்கடை, தபாலாபீஸ், தேவாலயம் எல்லாம் தாண்டிப் போனார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நின்று பதில் சொன்னார். வில்ஃப் சக்டனின் பாதிரியாரிடம் போகிறேன், வடக்கு இங்கிலாந்தில் அதுபோல ஒரு கடுவன் கிடையாது, போன வருஷம் என் வீட்டுக்காரியின் உயிரை, தப்பு, பிக்கிளின் உயிரைக் காப்பாற்றினான், உன் வீட்டில் பெட்டை இருந்தால் நீயும் கொண்டுவா, சும்மா திருட்டுத்தனமாகப் பின் கதவில் வராதே. தபாலாபீஸ் வாசலில் நின்றிருந்த பாக்சனிடம் இதைக் கொஞ்சம் கூடுதலாகவே சத்தம் போட்டுச் சொன்னார்.

தோட்டத்து முன்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது, அவர் நின்று நின்று பேசி வந்ததில் செய்தி முந்திக்கொண்டதோ என்னவோ, அவருக்கு முன்னாலேயே நாலு பேர் கூடைகளோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எட்கர் கார்சைடு வாழ்க்கையில் எந்த வரிசையிலும் நின்றவர் இல்லை. ரேஷன் காலத்தில்கூட வேறு வழி கண்டுபிடித்தவர். நாலு பேரும் நகர்ந்து இடம்விட எழுந்தார்கள். உட்காருங்கள் உட்காருங்கள் என்று கையமர்த்திவிட்டு, பெஞ்சின் கடைக்கோடியில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கூடையிலிருந்து பிக்கிள் தலையை நீட்டி அவருடைய கோட்டுப் பொத்தானைக் கடித்து இழுத்தது. இழுக்கட்டும் என்று விட்டுவிட்டார்.